ஆயுதம் ஏந்தாத ஆசிரியர்

1961 டிசம்பர் 9. கிளிமஞ்சாரோ மலையுச்சியில் ஒரு தீபம் ஏற்றப்பட்டது. அன்றுதான் தாங்கனீக்கா நாடு ஆங்கிலேயரிடமிருந்து போரின்றி விடுதலை பெற்றது. அண்டை நாடான கென்யாவில் குருதி சிந்திய அதே காலத்தில், இங்கே மக்களை அமைதி வழியில் நடத்தியவர் ஜூலியஸ் நைரேரே. மக்கள் அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றே இறுதிவரை அழைத்தனர்.

1922-இல் புத்தியாமா சிற்றூரில் குலத்தலைவர் ஒருவரின் மைந்தராகப் பிறந்த அவர், 1943-இல் திருமுழுக்குப் பெற்றார். எடின்பரோவில் பயின்று திரும்பி, கத்தோலிக்கப் பள்ளியொன்றில் கற்பித்தார். 1954-இல் 'தானு' கட்சியை நிறுவினார். ஆசிரியப் பணியா, அரசியலா என்னும் நிலை வந்தபோது, 1955-இல் வேலையைத் துறந்து மக்களிடம் சென்றார்.

அவருடைய கொள்கைக்குச் சோதனை 1958-இல் தபோரா நகர் மாநாட்டில் வந்தது. வாக்காளர் ஒவ்வொருவரும் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர் என மூவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. மிகப் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு இஃது அநீதியன்றோ? தேர்தலைப் புறக்கணிப்போம் எனத் தோழர் பலர் கொதித்தனர். நைரேரே பொறுமையுடன் வாதாடி, போட்டியிட அவர்களை இசைவித்தார். பிற இனத்தாரிலும் நல்லோரைக் கட்சி ஆதரித்தது, வெற்றியும் கண்டது.

விடுதலைக்குச் சில வாரங்களே இருந்த வேளையில், குடியுரிமை ஆப்பிரிக்க இனத்தவர்க்கே உரியது எனச் சட்டமன்றத்தில் சிலர் வாதிட்டனர். இனத்தால் மக்களைப் பிரிப்பதாயின் பதவி விலகுவேன் என்று அவர் உறுதியாய் நின்றார். அடக்கப்பட்டவன் அடக்குபவனாக மாறினால் அது விடுதலையாகாது என்பதே அவர் நிலைப்பாட்டின் பொருள் எனலாம்.

அவர் குறையற்றவர் என நாம் கூறவில்லை. 1970-களில் மக்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியேற்ற அவருடைய அரசு கட்டாயத்தைக் கையாண்டது, பலர் துயருற்றனர். அன்பினால் வென்றவர்க்கும் அதிகாரம் ஒரு சோதனையே. எனினும் 1985-இல் அவர் தாமாகவே குடியரசுத் தலைவர் பதவியை விட்டு இறங்கி, சொந்த ஊருக்குத் திரும்பினார். 1999-இல் காலமானார். 2005-இல் முசோமா மறைமாவட்டம் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான ஆய்வைத் தொடங்கியது.

நமக்குத் தீங்கிழைத்தவர் நம் கைக்குள் வரும் நாளில் அவரை எவ்வாறு நடத்துகிறோம்? குடும்பத்திலும் பங்கிலும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. அந்நாளில்தான் நம் அகிம்சை உண்மையில் சோதிக்கப்படுகிறது.