கை மறக்கவில்லை

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஓய்வு வயதுக்கு வெகு முன்பே அங்குள்ள ஆண்டர்சன்பேட்டையில் பலர் வீட்டில் உட்கார நேர்ந்தது. பிறகு பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைத்தார்கள். இப்போது அவர்கள் அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். ஸ்லேட்டில் வரைந்த பழைய ஆசை எட்டிப் பார்க்க நேரமும் இருக்கிறது. ஆனால் பென்சிலை எடுத்தால் வெட்கம் வருகிறது. யானை வரைந்தால் ஐந்தாம் வகுப்புப் பையனின் யானைதான் விழுகிறது.

இதில் வியப்பில்லை. ஒன்பது, பத்து வயதில் குழந்தைக்குப் படம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. அப்படி வராதபோது பெரும்பாலானோர் வரைவதை நிறுத்திவிடுகிறார்கள். கை அங்கேயே நின்றுவிடுகிறது. கண் மட்டும் சினிமா போஸ்டர், காலண்டர், கோயில் கோபுரம் என்று ஐம்பது ஆண்டுகள் பார்த்துப் பழகிக் கறாரான நீதிபதி ஆகிவிடுகிறது. வெட்கத்துக்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஆனால் நின்றுபோனாலும், பழகிய கை எளிதில் மறப்பதில்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலேசனுக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டோடு வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்குமுன் இப்படி வரைந்ததே இல்லை என்று நினைத்தார். சம்பவங்களின் நினைவு வேறு, கைப்பழக்கத்தின் நினைவு வேறு என்பது இதிலிருந்துதான் தெளிவானது. பழக்கத்தின் நினைவைச் சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் பார்த்துக்கொள்கின்றன.

தங்கவயல்காரருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. நகரத்து ஓவிய வகுப்புகள் இதைப் பேசுவதில்லை. பாறையைத் துளைக்கும் டிரில்லை ஆண்டுக்கணக்கில் பிடித்த கையில், அதிர்வு விரல்களின் சிறு ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கக்கூடும். மார்கழிக் குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும், பென்சில் பிடி தளரும். இதைத் திறமைக் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள். மெல்லிய பென்சிலுக்குப் பதில் தடித்த கரித்துண்டும் பெரிய தாளும் எடுத்து, விரலை விட்டுத் தோளிலிருந்து கோட்டை இழுங்கள். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளை வரைய அதுவே பொருத்தமும்கூட.

பலன் உண்டா? 2014இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் ஓய்வுபெற்ற 28 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து பத்து வாரம் ஆராய்ந்தார்கள். ஒரு குழு தானே படங்களைப் படைத்தது. மற்றது அருங்காட்சியகத்தில் படங்களைப் பார்த்து விவாதித்தது. மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு வலுத்தது படைத்தவர்களிடம்தான். சிறிய ஆய்வு, அளவோடுதான் நம்ப வேண்டும். அமெரிக்காவில் 39 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 45 நிமிடம் கலைப்பொருள் செய்தபின் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது. முன்பயிற்சி இருந்ததா இல்லையா என்பது இதில் வேறுபாடு காட்டவில்லை. ஓவியம் வரைந்தால் மறதி நோய் வராது என்று விளம்பரம் செய்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை.

அறுபதுக்குமேல் தொடங்குவது புதிதல்ல. சிறுவயதில் வீட்டுக்கு வந்த ஓவிய ஆசிரியரிடம் பாடம் கேட்ட கவிஞர் தாகூர், அறுபதுகளில்தான் தீவிரமாக வரையத் தொடங்கினார். 1930இல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

நீங்களும் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி போட்டு வையுங்கள். முதல் வாரத்து யானையைக் கிழித்துவிடாதீர்கள். பத்தாவது வாரம் ஒப்பிட அது வேண்டும்.