மின் திட்டங்களில் ஒருங்கிணைப்பாளர்

வடாலா உள்ளிட்ட மும்பைத் தீவு நகருக்கு மின்சாரம் விநியோகிப்பது மாநகராட்சியின் ‘பெஸ்ட்’ நிறுவனமாகும். 2020 அக்டோபர் 12 அன்று காலை மும்பையின் பெரும்பகுதி மின்சாரம் இழந்தது. மின்சார ரயில்கள் நின்றன. கோளாறு நேர்கையில் நகரைப் பெருங்கட்டமைப்பிலிருந்து தானாகப் பிரித்துக் காக்க வேண்டிய ஏற்பாடு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இத்தகைய ஏற்பாட்டில் ரிலே, கணினி, தகவல் தொடர்பு ஆகியவை தனித்தனியே செம்மையாக இருப்பது போதாது. இணைந்து இயங்க வேண்டும்.

அவற்றை இணைப்பவரே ஒருங்கிணைப்பாளர். கருவிகளை உற்பத்தி செய்யும் நிறுவனம் ஒவ்வொரு துணைமின் நிலையத்துக்கும் தன் பொறியாளரை அனுப்ப இயலாது. ஆகவே சீமென்ஸ், ஷ்னைடர் போன்றவை ஒருங்கிணைப்பு நிறுவனங்களைக் கூட்டாளிகளாக ஏற்று, பயிற்சியும் தொழில்நுட்ப உதவியும் அளிக்கின்றன.

இதில் இடரும் உண்டு. எந்நிறுவனத்திடம் பயிற்சி பெற்றாரோ, அதன் கருவியையே கூட்டாளி பரிந்துரைப்பார். அது மனித இயல்பு. பின்னர் வேறு நிறுவனத்தின் கருவியைச் சேர்க்க முனையும்போதுதான் மின் நிறுவனம் தான் கட்டுண்டிருப்பதை உணரும். துணைமின் நிலையங்களுக்கு ஐ.இ.சி. 61850, மின் அளவிகளின் தகவல் பரிமாற்றத்துக்கு ஐ.எஸ். 15959 எனப் பொதுத் தரங்கள் ஏற்பட்டதன் பயன் இங்கேதான் விளங்கும். ஆயினும் ஒப்பந்தத்தில் தரத்தின் எண்ணைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றாக இணைத்து, நிறுவுவதற்கு முன்பே சோதித்துக் காட்டுமாறு அதிகாரிகள் கோருதல் வேண்டும்.

2021-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் ஸ்மார்ட் மீட்டர் பணியில், அளவி, தகவல் தொடர்பு, மென்பொருள் அனைத்துக்கும் பல ஆண்டுப் பராமரிப்புக்கும் ஒரே சேவை நிறுவனம் பொறுப்பேற்கிறது. பழுது நேர்ந்தால் ‘அது இன்னொருவர் கருவி’ என்று கைகாட்ட அதற்கு இடமில்லை.