முட்டம் உப்புக்காத்தும் அசையாத போல்ட்டும்

போன வாரம் முட்டத்துல, அப்பாவோட பழைய காருக்கு பிரேக் பேடு மாத்த உக்காந்தேன். காலிப்பர் போல்ட் அசையல. 12 முனை சாக்கெட் போட்டு ஒரே இழு, தலை மழுங்கிடுச்சு. கோடுல அன்டூ இருக்கு, போல்ட்டுல இல்ல.

ஏன் இறுகுது? கடல் காத்துல வர்ற உப்பும் ஈரமும் துருவை வேகப்படுத்தும். இரும்பை விட துருவுக்கு இடம் அதிகம் வேணும். அதான் மரையில ஆப்பு மாதிரி அடைச்சுக்குது.

கம்பி பிரஷ்ஷால துருவைத் தேய்ங்க. பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. டிஸ்க்குல, பேடுல படக்கூடாது. 6 முனை சாக்கெட் போடுங்க. அது மூலையை விட்டுட்டு பக்கத்தைப் பிடிக்கும். முதல்ல லேசா இறுக்கி, அப்புறம் தளர்த்துங்க. தலை மழுங்கிட்டா வைஸ் கிரிப். பிரேக் ஹோஸ் பக்கத்துல தீ மட்டும் காட்டாதீங்க.

மழுங்கின போல்ட்டைத் திரும்ப மாட்டாதீங்க. நான் புதுசு வாங்கி, மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சுல முடுக்கினேன். அப்பா அந்த வண்டியிலதான் தினமும் நாகர்கோவில் போறாரு.