ஓய்வுநாளின் முந்தின மாலை: யூதர் இல்லங்களின் வெள்ளிக்கிழமை விருந்து

ஓய்வுநாளைக் குறித்து வேதாகமத்தில் எத்தனையோ பகுதிகளை நாம் வாசித்திருக்கிறோம். அந்நாளில் செய்யலாகாதவை எவை என்பதும் நமக்கு ஓரளவு தெரியும். ஆனால் அந்நாளில் ஒரு யூதக் குடும்பத்தார் என்ன உண்டார்கள், அதை யார், எப்பொழுது சமைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? இல்லத்தரசிகள் ஒருவேளை எண்ணியிருக்கக்கூடும். அடுப்பு மூட்டாத ஒரு நாள் என்று கேட்டவுடனே, அதற்கு முந்தின நாளில் எவ்வளவு வேலை இருந்திருக்கும் என்பதே அவர்கள் உள்ளத்தில் முதலாவது தோன்றும்.

யூதருக்கு ஒரு நாள் என்பது சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. ஆதியாகமம் முதலாம் அதிகாரம் சாயங்காலத்தை முன்னும் விடியற்காலத்தைப் பின்னும் வைத்து நாட்களை எண்ணுவதே இதற்கு ஆதாரம். ஆகவே ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை மாலையிலேயே வந்துவிடுகிறது. சூரியன் மறைவதற்கு ஏறத்தாழ 18 நிமிடங்களுக்கு முன் வீட்டுத் தலைவி குறைந்தது இரண்டு விளக்குகளை ஏற்றுவாள். அதன்பின் அவ்வீட்டில் புதிதாக நெருப்பு மூட்டப்படுவதில்லை. யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தின் கட்டளை அது. மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பு, அந்நாளில் விலக்க வேண்டிய வேலைகளை 39 வகைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. சமைத்தலும் அவற்றில் ஒன்று.

விளக்கேற்றியபின் மேசையைச் சுற்றி நடப்பவை உலகெங்கும் பெரும்பாலும் ஒன்றே. தகப்பன் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார். பெண்மக்களுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகியோரைப்போல் ஆகும்படி வாழ்த்து. ஆண்மக்களுக்கு எப்பிராயீம், மனாசே என்பாரைப்போல் ஆகும்படி வாழ்த்து. முற்பிதாக்கள் மூவரை விட்டு இந்த இரு பேரர்களை ஏன் தெரிந்துகொண்டார்கள்? ஆதியாகமம் 48-இல் யாக்கோபே அவ்வாறு சொன்னார் என்பது ஒரு விடை. அவ்விருவரும் எகிப்தில், அந்நிய மண்ணில் பிறந்து வளர்ந்தும் தங்கள் வீட்டாரை மறவாதவர்கள் என்பது யூதப் போதகர்கள் கூறும் மற்றொரு விளக்கம். பிறந்த ஊரை விட்டு வந்து பெருநகரங்களில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இரண்டாவது விளக்கம் சட்டென்று விளங்கிவிடும்.

நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தின் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதியைப் பாடி இல்லத்தலைவியைக் கனப்படுத்துவார்கள். பிறகு திராட்சரசப் பாத்திரத்தின்மேல் ஸ்தோத்திரம், அதன்பின் அப்பம். மேசையில் இரண்டு அப்பங்கள் துணியால் மூடப்பட்டிருக்கும். வனாந்தரத்தில் ஆறாம் நாளில் மன்னா இரட்டிப்பாய்க் கிடைத்ததன் நினைவு அது. ஹல்லா என்று அதற்குப் பெயர். எண்ணாகமம் 15-இல் பிசைந்த மாவிலிருந்து எடுத்துப் படைக்கச் சொல்லப்பட்ட பங்கின் பெயரே அப்பத்திற்கும் ஆகிவந்தது. கி.பி. 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்டபின் படைக்க இடமில்லை. எனவே இன்றும் மாவு பிசையும் யூதப் பெண்மணி சிறு உருண்டை ஒன்றைக் கிள்ளி எடுத்து நெருப்பில் எரித்துவிடுகிறாள்.

இந்த ஒழுங்குகள் எங்கும் ஒன்றே என்றாலும், மேசையில் வந்து அமரும் உணவு ஊருக்கு ஊர் வேறு. சிதறடிக்கப்பட்ட மக்கள் அந்தந்த நாட்டில் விளைந்ததைச் சமைத்தார்கள். கட்டளைகள் மட்டும் பானையின் மூடிபோல எல்லாவற்றின் மேலும் இருந்தன.

அக்கட்டளைகளில் சமையலை அதிகமாய் மாற்றியவை இரண்டு. முதலாவது, நெருப்பைப் பற்றியது. மூட்டுவதுதான் கூடாது, வெள்ளிக்கிழமை பகலில் மூட்டிய நெருப்பு தானாக எரிந்துகொண்டிருக்கலாம் என்று ரபீமார் தீர்த்தார்கள். இதனால் இரவு முழுதும் தணலில் கிடந்து சனிக்கிழமை நண்பகலில் திறக்கப்படும் ஒரு பானை எல்லா நாட்டு யூதரிடமும் தோன்றியது. மொராக்கோவில் கொண்டைக்கடலை, கோதுமை, இறைச்சி, முட்டை ஆகியவற்றைச் சேர்த்தார்கள். ‘சூடானது’ என்னும் பொருளில் ஸ்கீனா என்றும், ‘மூடிப் புதைத்தது’ என்னும் பொருளில் தஃபீனா என்றும் பெயரிட்டார்கள். பாக்தாத்தில் கோழியின் வயிற்றில் அரிசி அடைத்து, அரிசிக்குள்ளேயே புதைத்து, பானையின் மேல் முட்டைகளை அடுக்கினார்கள். விடிவதற்குள் முட்டைகள் உள்ளே பழுப்பேறிவிடும். திபீத் என்னும் அதன் பெயருக்கு ‘இராத்தங்கியது’ என்று பொருள். யேமனில் மாவை மெல்லியதாய் இழுத்துச் சுருட்டி, ஜக்னூன் என்று விடியவிடிய வேகவைத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவின் குளிரில் பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி சேர்ந்த சோலண்ட் உண்டாயிற்று. வீட்டில் பெரிய அடுப்பில்லாத குடும்பத்தார் தங்கள் பானையை ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்து, மறுநாள் எடுத்து வந்தார்கள். எத்தியோப்பிய யூதர் மட்டும் கட்டளையை இன்னும் கடுமையாய் எடுத்துக்கொண்டார்கள். சூரியன் மறைந்தால் எந்த நெருப்பும் எரியலாகாது என்பது அவர்கள் முறை. வெள்ளிக்கிழமை சுட்ட தாபோ என்னும் கனத்த ரொட்டியை ஆறியபடியே உண்டார்கள்.

வெள்ளிக்கிழமை இரவில் முதலாவது வருவது பெரும்பாலும் மீன். இதிலும் சட்டம் கைவைத்தது. வேண்டாததைப் பொறுக்கி நீக்குவதும் அந்த 39 வேலைகளில் அடங்கும் என்பதால், முள் எடுத்து உண்பது சிக்கலாயிற்று. போலந்திலும் லித்துவேனியாவிலும் இருந்த பெண்கள் பகலிலேயே முள்ளை நீக்கி, மீனை அரைத்து உருண்டையாக்கி வேகவைத்துவிட்டார்கள். போலந்துக்காரர் அதில் சர்க்கரை சேர்க்க, லித்துவேனியர் மிளகு சேர்த்தார்கள்; எது சரி என்ற வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. நம் நாவுக்கு லித்துவேனியர் பக்கமே நியாயம் என்று படும். லிபியா, மொராக்கோ யூதரோ பூண்டு, சீரகம், மிளகாய், தக்காளி சேர்த்த காரமான சாற்றில் மீன் துண்டுகளை இட்டு ஹ்ரைமே சமைத்தார்கள்.

இரண்டாவது கட்டளை, இறைச்சியையும் பாலையும் பற்றியது. ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கலாகாதென்று தோரா மூன்று இடங்களில் விலக்குகிறது. அதிலிருந்து இறைச்சியோடு பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேரலாகாது என்ற ஒழுங்கு வளர்ந்தது. இறைச்சி வைக்கும் மேசைக்கு வரும் ஹல்லாவிலும் வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயே ஊற்றப்படுகிறது. இந்தக் கட்டளை இந்தியக் கடற்கரையில் என்ன செய்தது என்பதைச் சற்றுப் பின்னே காண்போம்.

அதற்குமுன் ஸ்பெயின் தேசத்தின் துயரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1478-இல் அங்கே சமய விசாரணை மன்றம் ஏற்படுத்தப்பட்டது. வற்புறுத்தலினால் மதம் மாறிய யூதர் இரகசியமாய்ப் பழைய வழக்கங்களைக் கைக்கொள்கிறார்களா என்று வேவு பார்ப்பது அதன் வேலை. மன்றத்தார் வெளியிட்ட அறிவிப்புகளில் அயலார் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சொல்லப்பட்டன. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுதல், சனிக்கிழமைக்கான உணவை வெள்ளிக்கிழமையே சமைத்தல் ஆகியவையும் அவற்றில் உண்டு. வேலைக்காரப் பெண் ஒருத்தி தன் எஜமானியின் பானையைப் பற்றிச் சொன்ன வார்த்தை, அந்த எஜமானியைச் சிறைக்குக் கொண்டுபோகக்கூடியதாயிருந்தது. அப்படியிருந்தும் பானை ஏற்றுவதை அவர்களில் பலர் விடவில்லை. 1492-இல் யூதர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

அவ்வாறு சிதறியவர்களில் சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே பழைய யூதக் குடிகள் இருந்தன, கி.பி. 1000-ஐ ஒட்டி யோசேப்பு ரப்பான் என்பவருக்குச் சேர அரசர் வழங்கிய செப்பேடுகள் இன்றும் உள்ளன. புதிதாய் வந்தவர்கள் 1568-இல் மட்டாஞ்சேரியில் கட்டிய ஜெப ஆலயத்திற்குப் பரதேசி ஜெப ஆலயம் என்று பெயர். வேற்றுநாட்டார் என்பதே பொருள். இச்சொல்லை வசைச்சொல்லாக்கியது பிற்காலத்து நாம்தான். அவர்கள் சமையலில் பாஸ்டெல் என்னும் பொரித்த பலகாரம் ஒன்று உண்டு. பெயர் ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகளுடையது. சமைத்ததோ கேரள மண்ணில். இறைச்சிக் குழம்பைக் குழைவாக்கப் பால் கூடாது, தயிரும் கூடாது. தென்னை மரத்தடியில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே இல்லை. தேங்காய்ப்பால் பெயரளவில்தானே பால்!

கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரவேலரும் இதே தேங்காய்ப்பாலைக் கண்டுகொண்டார்கள். கப்பற்சேதத்தில் தப்பிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களுமே தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய பாரம்பரியம். செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த இவர்கள் சனிக்கிழமையில் செக்கை ஓட்டுவதில்லை. அதனால் அண்டை வீட்டார் இவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்றழைத்தார்கள். எபிரெய மொழியையும் தோராச் சுருளையும் இழந்துவிட்ட நிலையிலும், ஓய்வுநாள் அவர்கள் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டேவிட் ரஹாபி என்னும் யூதப் பயணி இவர்களைச் சோதிக்கப் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். லேவியராகமம் 11-இன்படி செதிளும் சிறகும் இல்லாத மீன்களை அப்பெண்கள் தாமாகவே பிரித்து ஒதுக்கினார்களாம். இவர்கள் நம்மவரே என்று அவர் அறிந்துகொண்டார் என்பது அச்சமூகத்தார் வழிவழியாய்ச் சொல்லிவரும் செய்தி. அது எவ்வளவு சரித்திரம் என்பதை அறிஞர் ஆராயட்டும். புத்தகம் தொலைந்தபின்னும் அடுப்படி ஞாபகம் வைத்திருந்தது என்பதே அக்கதையின் சாரம்.

அவர்களுடைய வெள்ளிக்கிழமை மேசையில் மீன் குழம்பு தேங்காய்ப்பாலில் கொதிக்கும். ஹல்லாவின் இடத்தில் பல வீடுகளில் சப்பாத்தி இருக்கும். திராட்சரசம் எளிதில் கிடைக்காத ஊர்களில் கருப்பு உலர்திராட்சையை இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, கையால் நன்கு பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டிய சாற்றின்மேல் ஸ்தோத்திரம் சொன்னார்கள். இன்றும் அவ்வழக்கம் உண்டு. சர்க்கரை தேவையில்லை.

கல்கத்தாவின் வழி வேறு. 1798-இல் அலெப்போவிலிருந்து ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் அங்கே வந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத் யூதர் பலர் குடியேறினார்கள். 1884-இல் எழும்பிய மாகேன் தாவீது ஜெப ஆலயம் அவர்கள் செழிப்பின் சாட்சி. பன்றி இறைச்சியைத் தொடாத இஸ்லாமியச் சமையற்காரர்களே பல யூத வீடுகளில் சமைத்தார்கள். இன்று ஜெப ஆலயங்களைப் பேணிக் காப்பவர்களும் இஸ்லாமியர்களே. அங்கே வெள்ளிக்கிழமை இரவில் கோழியோடு தவறாமல் வந்தது ஆலு மக்கல்லா. ஆலு இந்திச் சொல். மக்கல்லா, பொரித்தது என்னும் பொருளுடைய அரபுச் சொல்.

சகோதரிகள் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவான உருளைக்கிழங்கு ஒரு கிலோ எடுத்துத் தோல் சீவி முழுதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உப்பும் சிறிது மஞ்சள்தூளும் இட்ட நீரில் ஒரு கொதி வரவிட்டு, இறக்கி, ஈரமின்றித் துடைத்து, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்துங்கள். அடி கனத்த வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் வையுங்கள். எண்ணெய் குமிழியிடத் தொடங்கியதும் தீயைக் குறைத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கரண்டியால் கிளறினால் உடைந்துவிடும். வாணலியை மட்டும் அவ்வப்போது மெல்ல அசைத்தால் போதும். மேல்தோல் இறுகியபின் அடுப்பை அணைத்து வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் தீயைக் கூட்டிப் பொன்னிறமாக்கி வடித்தெடுங்கள். மேலே ஓடுபோல் இருக்கும். உள்ளே வெண்ணெய்போல் இருக்கும். கத்தி வைத்தால் தட்டிலிருந்து துள்ளி ஓடக்கூடும், கவனம்!

1948-இல் இஸ்ரேல் நாடு உருவானபின் இந்திய யூதரில் பெரும்பாலானோர் அங்கே சென்று குடியேறினார்கள். கல்கத்தாவின் பாக்தாத் யூதரில் பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்கும் போனார்கள். கல்கத்தாவில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. 1902-இல் தொடங்கிய நஹூம் ரொட்டிக்கடை நியூ மார்க்கெட்டில் இன்னும் நடக்கிறது. கொச்சிப் பரதேசி யூதரின் கதையும் ஏறக்குறைய அதுவே. அஸ்தோத், பெயெர்செபா, திமோனா ஆகிய ஊர்களில் பெனே இஸ்ரவேல் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டின் மருமகள் மொராக்கோ வழியினளாகவோ யேமன் வழியினளாகவோ இருக்கலாம். தேங்காய்ப்பால் மீன் குழம்பும் ஹ்ரைமேயும் ஒரே மேசையில் அமர்வது அங்கே புதுமையல்ல. அடுத்த தலைமுறை எதைச் சமைக்கும் என்பதுதான் பாட்டிமார்களின் கவலை.

இந்தியாவில் இன்னும் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மும்பையிலும் தானேயிலும்தான் அதிகம். மும்பையில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய மாலை 7.20 மணி ஆகும். டிசம்பர் தொடக்கத்திலோ 6 மணிக்கே மறைந்துவிடும். அலுவலகம் முடிந்து நெரிசல் மிகுந்த மின்சார ரயிலில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த 80 நிமிட வேறுபாடு சிறிதல்ல. ஆகவே குளிர்காலத்தில் பலர் வியாழக்கிழமை இரவிலேயே மசாலாவை அரைத்து, தேங்காயைத் துருவி, உலர்திராட்சையை ஊறவைத்துவிடுகிறார்கள்.