இரசியாவின் படைக்கலத் தொழினுட்பம்: உலோகமும் இலத்திரனும்

வல்லரசுகளின் படைவலியை ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் இத்தனை தாங்கிகள், இத்தனை விமானங்கள் என எண்ணிப் பார்த்தே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இரசியாவைப் பொறுத்தவரையில் இம்முறை நம்மை ஏமாற்றிவிடும். அந்நாட்டின் படைக்கலங்களுட் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு குறையை ஈடுசெய்யுமாறு வகுக்கப்பட்டவை. எந்தக் குறையை அவர்கள் வென்றனர், எந்தக் குறை அவர்களை வென்றது என்பதை அறிந்தாலன்றி, அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் முன்னே அவர்கள் நிற்குமிடம் புலனாகாது. உலோகத்தையும் நெருப்பையும் ஆள்வதில் இரசியர் எவருக்கும் இளைத்தவரல்லர். இலத்திரனியலிலோ அவர்கள் தொடர்ந்து பின்தங்கியே வந்துள்ளனர் என்பது எமது துணிபு.

1941 ஆம் ஆண்டிற் படையெடுத்த ஜேர்மனியரைத் திகைக்கச் செய்த ரி-34 தாங்கி இதற்கு முதற் சான்று. கோஷ்கின் என்பாரின் தலைமையிற் கார்க்கோவில் உருவான அத்தாங்கியின் கவசம் சரிவாக அமைந்தது. சரிந்த தகட்டைத் துளைக்க வருங் குண்டு கூடிய தடிப்பைக் கடத்தல் வேண்டும். அன்றேல் வழுக்கி விலகும். அதன் சக்கரத் தொங்கலமைப்போ கிறிஸ்ரி என்னும் அமெரிக்கரின் கற்பனை. உள்ளிடம் நெருக்கடியானது; தொடக்கத்திற் செய்யப்பட்டவற்றுட் பலவற்றில் வானொலிக் கருவியே இல்லை. எனினும் போர்க்காலத்தில் ஏறத்தாழ 50,000 தாங்கிகள் வெளிவந்தன. ஜேர்மனியரின் பெயர்பெற்ற முதலாம் வகை ரைகர் 1,400 ஐயும் எட்டவில்லை.

போரின் பின்னர் போட்டி வானுக்கு ஏறியது. நல்ல ஜெற் எஞ்சின் செய்யும் ஆற்றல் அப்பொழுது சோவியத் நாட்டிற்குப் போதாது. பிரித்தானிய அரசாங்கம் றோல்ஸ் றொய்ஸ் நிறுவனத்தின் நீன் எஞ்சின்களை விற்க 1946 இல் இசைந்தது. இரசியர் அவற்றைப் பார்த்துத் தாமே செய்தனர். அவ்வெஞ்சின் வழிவந்த மிக்-15 விமானங்கள் 1950 நவம்பரிற் கொரிய வானில் மேற்கு நாட்டாரையே எதிர்த்தன.

1957 ஓகத்து 21 இல் வெற்றியுடன் பறந்த ஆர்-7 மிகப் பெரும் பருமனுடைய றொக்கற்று. அப்பருமனும் ஒரு குறையின் விளைவே. சோவியத் குண்டு மிகப் பாரமாயிருக்கும் என்றெண்ணியே கொறொலெவ் அதனை அத்துணைப் பெரிதாக வகுத்தார். எரியறை ஒன்றைப் பெரிதாகச் செய்யின் தகனம் நிலைகுலைந்து அதிரும். ஆதலின் சிறிய எரியறைகள் நான்கினை ஓர் எஞ்சினாக்கி, அத்தகைய எஞ்சின்கள் ஐந்தினை ஒருங்கு சேர்த்தனர். அதே ஆண்டு ஒற்றோபர் 4 இல் அது 83.6 கிலோகிராம் நிறையுள்ள ஸ்புட்னிக்கை விண்ணிலேற்றியபோது அமெரிக்கா நடுங்கியது. ஆயின், போர்க்கருவி என்ற அளவில் ஆர்-7 பயன் குன்றியது. ஏவுமுன் பல மணிநேரம் எரிபொருள் நிரப்பவேண்டியிருந்தது. ஏவுகணையிற் பின்தங்கிவிட்டோம் என அமெரிக்க அரசியலாளர் 1960 தேர்தலில் முழங்கியபோது, உண்மை நிலை நேர்மாறாயிருந்தது. அடுத்த ஆண்டு உளவுச் செயற்கைக்கோள்களின் படங்கள் அதனை வெளிப்படுத்தின.

இவ்வாறு மிகைப்படுத்தி அஞ்சியதற்கு மிக்-25 இன் வரலாறு இன்னுஞ் சுவையான உதாரணம். 1967 இல் மொஸ்கோவுக்கு அண்மையில் நடந்த வான் காட்சியில் அது தோன்றியது. அகன்ற சிறகுகளைக் கண்ட அமெரிக்க நிபுணர், ஒலியினும் ஏறத்தாழ மும்மடங்கு வேகத்திற் பறப்பதோடு விரைந்து திரும்பவும் வல்ல விமானம் இதுவெனக் கருதினர். அவ்வச்சமும் எஃப்-15 விமானத்தை அவர்கள் உருவாக்குதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. 1976 செப்ரெம்பர் 6 இல் பெலெங்கோ என்னும் சோவியத் விமானி அத்தகைய விமானமொன்றுடன் யப்பானின் ஹக்கொடாற்றே நகரில் இறங்கித் தஞ்சம் புகுந்தார். விமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தோர் வியப்படைந்தனர். உடலிற் பெரும்பகுதி நிக்கல் கலந்த உருக்கு; தைத்தேனியம் சிறுபகுதியே. அகன்ற சிறகு பாரத்தைத் தாங்குதற்கேயன்றித் திரும்புதற்கன்று. றேடார்க் கருவியிலோ நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டிகளில் மினுங்கிய வால்வுகள்!

அதனைக் கண்டு நகைத்தவர் பலர். அணுக்குண்டின் மின்காந்த அதிர்வைத் தாங்குதற்கென்றே வால்வு வைத்தனர் எனப் புகழ்ந்தாரும் உளர். அது பின்னர்க் கற்பித்த காரணம் போலவே தோன்றுகின்றது. இருசாராரும் ஒன்றை மறந்தனர். உயரப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்தை நேர்கோட்டில் துரத்திச் செல்வதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. எதிரி எழுப்பும் குழப்ப அலைகளை ஊடறுக்க றேடாரின் வலு 600 கிலோவற்று ஆக்கப்பட்டது. அப்பணிக்கு அது போதுமானது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அமெரிக்கரின் அதிவேக உளவு விமானமாகிய எஸ்.ஆர்.-71 பெரும்பாலும் தைத்தேனியத்தால் ஆனது. அவ்வுலோகத்தின் ஒரு பகுதியை வேற்று நாட்டு நிறுவனங்களின் பெயரால் சோவியத் நாட்டிலேயே வாங்கியதாக அதனைச் செய்தோர் பின்னாளிற் கூறினர்.

இரசியரின் உலோக அறிவின் சிகரத்தைக் காணவேண்டின் றொக்கற்று எஞ்சினையே நோக்கல் வேண்டும். சாதாரண எஞ்சினிற் பம்புகளைச் சுழற்றிய வாயு வீணே வெளியேறும். அதனையும் பிரதான எரியறைக்குட் செலுத்தினால் உந்துவலு கூடும். மண்ணெண்ணெயை மிகுதியாக வைத்து அவ்வாயுவை ஆக்கின் புகைக்கரி படிந்து குழாய்கள் அடைபடும். ஒட்சிசனை மிகுதியாக வைப்பின், வெம்மையும் அமுக்கமும் மிக்க அவ்வாயு உருக்கையே எரித்துவிடும். பௌதிகமும் இரசாயனமும் கற்றார்க்கு இவ்விடர் நன்கு விளங்கும். அமெரிக்கர் இயலாதென ஒதுக்கிய இவ்வழியை இரசியர் தக்க கலப்புலோகங்களாலும் பூச்சுக்களாலும் கைக்கொண்டனர். விளைவு யாது? 2000 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் அற்லஸ் றொக்கற்றுகள் ஆர்.டி.-180 என்னும் இரசிய எஞ்சினைப் பூண்டு பறந்தன. அமெரிக்கப் படையின் உளவுச் செயற்கைக்கோள்களையும் விண்ணில் வைத்தது பழைய பகைவனின் எஞ்சினே. உக்ரேன் போர் மூண்டபின் 2022 இல் இரசியா அவ்விற்பனையை நிறுத்தியது. ஒட்சிசன் மிகுந்த அம்முறையிலேயே அமெரிக்கர் செய்த பி.ஈ.-4 எஞ்சின் 2024 சனவரியில் விண்ணேகியது.

இலத்திரனியலின் கதை வேறு. 1960 களின் பிற்பகுதியிற் சோவியத் அரசு தன் கணினி வகைகளை வளர்ப்பதை விடுத்து ஐ.பி.எம். 360 ஐப் பிரதிசெய்யத் துணிந்தது. பிரதிசெய்பவன் என்றும் பின்னாலேயே செல்வான். தலைமைத் தளபதியாயிருந்த மார்ஷல் ஒகார்கொவ், கணினியும் துல்லிய ஆயுதங்களும் போரின் இயல்பையே மாற்றுமென எச்சரித்தார். 1984 இற் பதவி நீக்கப்பட்டார். 1991 இல் ஈராக்கின் சோவியத் வகைத் தாங்கிகள், தம்மை இருளிலுங் கண்ட அமெரிக்கத் தாங்கிகளுக்கு இரையாகியபோது அவர் கூற்று மெய்யாயிற்று. இரசியர் பின்னாளிற் பிரெஞ்சு வெப்பக்காட்சிக் கருவிகளை வாங்கித் தம் தாங்கிகளிற் பொருத்தினர். 2014 இல் கிரைமியாவை இணைத்தபின் வந்த தடைகள் அவ்வழியையும் நெருக்கின.

2022 பெப்ருவரியில் தொடங்கிய உக்ரேன் போரில் இரு பக்கங்களும் ஒருங்கே வெளிப்பட்டன. வீழ்த்தப்பட்ட ஒர்லான்-10 ஆளில்லா விமானங்களிற் கடையில் வாங்கக்கூடிய யப்பானியப் புகைப்படக் கருவிகள் இருந்தன. ஏவுகணைகளுள் அமெரிக்க நுண்சில்லுகள் காணப்பட்டன. தடுக்கவொண்ணாதது என 2018 இல் முழங்கப்பட்ட கின்சால் ஏவுகணை ஒன்றை, 2023 மே மாதத்திற் கீவ் நகர்மேல் அமெரிக்கப் பேற்றியற் வீழ்த்தியது. எனினும் இதைக்கொண்டு எள்ளுவோரும் தவறுவர். பழைய வெடிகுண்டுகளுக்கு மலிவான சிறகுகளைப் பூட்டி, இரசியர் தொலைவிலிருந்து வீசலாயினர். செயற்கைக்கோள் வழிகாட்டலைக் குழப்பியபோது அமெரிக்காவின் எக்ஸ்கலிபர் பீரங்கிக் குண்டுகள் குறிதவறின. இது எமது துணிபுக்கு மாறெனத் தோன்றலாம். அலைகளைக் குழப்புதற்கு நுண்சில்லின் நேர்த்தியிலும் அலைவலுவும் நெடுநாட் பயிற்சியுமே பெரிதும் வேண்டும் என்பது கருதத்தக்கது.

புதியன படைப்பதிலோ தளர்ச்சி வெளிப்படை. 2015 இல் அணிவகுப்பிற் காட்டிய அர்மாற்றா தாங்கி பெருந்தொகையில் உற்பத்தியாகவில்லை. அமெரிக்கரின் எஃப்-35 விமானங்கள் ஆயிரத்துக்கு மேல் வெளிவந்துவிட்டன; 2010 இல் முதற் பறந்த எஸ்.யு.-57 இன் தொகை அதன் சிறு பின்னமே. 1990 களில் இரசிய விமானங்களையும் எஞ்சின்களையும் வாங்கிக் கற்ற சீனா, இன்று தன் ஜே-20 விமானத்தைத் தன் எஞ்சினாலேயே பறக்கவிடுகின்றது. அன்றைய ஆசிரியராகிய இரசியருக்கு வேண்டிய நுண்சில்லுகளும் பட்டறை யந்திரங்களும் போர்க்காலத்தில் வந்து சேர்ந்தது பெரும்பாலும் அச்சீனாவின் வழியாகவே.