பனிக்காலத்தில் நரைக்கும் அணில்: பிடிப்பதா, விடுவதா?

சென்ற மாசி மாதம் ஹவுகன்ஸ்டுவாவில் வரிசை வீடொன்றில் வசிக்கும் குடும்பத்தினர் எம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தார்கள். பறவைகளுக்கென்று தோட்டத்தில் தொங்கவிட்ட சூரியகாந்தி விதையை ஓர் அணில் நாள்தோறும் காலிசெய்துவிடுகிறது. இலையுதிர்காலத்தில் நட்ட துலிப் கிழங்குகளையும் அது தோண்டிப் போட்டுவிட்டது. போதாததற்கு, அதிகாலையில் கூரைக்குள் சுரண்டும் சத்தமும் கேட்கிறது. இலண்டனில் இருக்கும் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "என்ன நிறம்? சாம்பலோ? அப்ப அது சாம்பல் அணில். இஞ்ச வெள்ளைக்காரனே பொறி வைச்சுக் கொல்லுறான். விட்டுவைக்காதேங்கோ" என்றாராம். வீட்டுக்காரர் கூட்டுப்பொறி ஒன்றுக்கு விலையும் விசாரித்துவிட்டார். வீட்டுக்காரியோ, "இராமர் தடவிவிட்ட பிராணியைக் கொல்லுறதோ?" என்று மறித்து நின்றார். இருவரில் யார் சொல்வது சரி என்பதே எம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி.

மாமா சொன்னது இலண்டனுக்குப் பொருந்தும். ஒஸ்லோவுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டை எமது வாசகர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நல்லது என்பதாலேயே இதனை இம்முறை சுகாதாரப் பகுதியில் எழுதுகின்றோம்.

முதலில், தோட்டத்துக்கு வருவது எந்த அணில்? நோர்வேயின் காடுகளிலும் தோட்டங்களிலும் நாம் காண்பது சிவப்பு அணில். நோர்வேஜிய மொழியில் 'எக்கூர்ன்' என்பார்கள். கோடையில் செங்கல் நிறமாக இருக்கும் இந்த அணில், பனிக்காலம் வந்ததும் மயிர் மாற்றிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அதனால்தான் மாசி மாதத்தில் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். முற்காலத்தில் இந்தச் சாம்பல் நிறப் பனிக்காலத் தோல்களை 'குரோவார்க்' என்ற பெயரில் ஸ்கன்டினேவிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவெங்கும் விற்றார்கள். பிரபுக்களின் மேலாடைகளுக்கு உள்மடிப்பாகப் போனவை இவை. நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல் காதைப் பாருங்கள். பனிக்காலத்தில் எமது அணிலின் காது நுனியில் நீண்ட மயிர்க்குஞ்சம் நிற்கும். சாம்பல் அணிலுக்கு அப்படி இராது. வயிறு எமது அணிலுக்குப் பளிச்சென்ற வெள்ளை. எடையும் 300 கிராம் அளவுதான். சாம்பல் அணில் அரைக் கிலோவுக்குமேல் நிறுக்கும். வாலைச் சுற்றி வெள்ளைக் கரையிட்டதுபோல் தெரியும்.

இங்கிலாந்தில் ஏன் சாம்பல் அணிலைக் கொல்கிறார்கள்? அது அந்த மண்ணுக்குரியதல்ல, வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1876ஆம் ஆண்டு செஷயர் மாவட்டத்தில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக விடப்பட்டதே பதிவில் உள்ள முதல் விடுவிப்பு. இன்று பிரித்தானியாவில் அவை 25 இலட்சத்துக்கும் மேல். சாம்பல் அணில் ஒருவகை அம்மை வைரசைச் சுமந்து திரியும்; தனக்கு ஒன்றும் ஆகாது. அதே வைரஸ் சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் உயிர் போய்விடும். இதனாலும் உணவுப் போட்டியாலும் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் சிவப்பு அணில் இல்லாமலே போய்விட்டது. இளமரங்களின் பட்டையையும் சாம்பல் அணில் உரித்துவிடுகிறது. எனவே பொறியில் அகப்பட்ட சாம்பல் அணிலை மீண்டும் வெளியில் விடுவது அங்கே சட்டப்படி குற்றம். ஆனால் எப்படி வேண்டுமானாலும் கொல்லலாம் என்பதும் இல்லை. அணிலைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்ற ஒருவர் 2010ஆம் ஆண்டு இங்கிலாந்து நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். பொறி வைக்கிறவர் அதை அடிக்கடி பார்க்கவேண்டும். நோகாமல் கொல்லத் தெரியாதவர் பொறி வைக்கவே கூடாது. இலண்டனில் உள்ள உறவினர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அதாவது, மாமா கொல்லச் சொன்னது எந்த இனத்தைக் காப்பாற்ற அங்கே பாடுபடுகிறார்களோ அந்த இனத்தையே. ஹவுகன்ஸ்டுவா வீட்டின் யன்னலில் வந்து உட்கார்ந்தது அதுதான்.

நோர்வேயில் 2009ஆம் ஆண்டின் இயற்கைப் பன்மைச் சட்டப்படி, காட்டு விலங்குகளையும் அவற்றின் கூடுகளையும் தேவையின்றித் துன்புறுத்தவோ சேதப்படுத்தவோ கூடாது. அனுமதியின்றிக் கூட்டில் பிடித்து லில்லமார்க்கா காட்டில் கொண்டுபோய் விடுவதும் சரியல்ல. பலர் இதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். சேர்த்து வைத்த உணவும் கூடும் இல்லாத இடத்தில், பனிக்காலத்தில் விடப்பட்ட அணில் பட்டினியில் சாகவே இடமுண்டு. 2010 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விலங்கு நலச் சட்டமோ, விலங்குக்கு மனிதனுக்குப் பயன்படுவதற்கு அப்பால் தனக்கென்று ஒரு மதிப்பு உண்டு என்று சொல்கிறது. காயப்பட்டோ நோயுற்றோ கிடக்கும் விலங்கைக் கண்டால் இயன்ற உதவியைச் செய்யவேண்டிய கடமையும் அதில் உண்டு.

அப்படியானால் துலிப் கிழங்கு போனது போனதுதானா? இல்லை. கிழங்கை நட்டு மண் மூடியதும் கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலைத் துண்டொன்றை மேலே விரித்து ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். தளிர் அந்த ஓட்டைகளால் வெளியே வரும், அணிலின் கை உள்ளே போகாது. 'போஸ்கலில்யே' எனப்படும் மஞ்சள் ஈஸ்டர் பூவின் கிழங்கை அணில் தொடாது, ஏனெனில் அது நச்சு. மெல்லிய நைலோன் வலையை மட்டும் போடாதீர்கள். முள்ளெலியும் பறவையும் அதில் சிக்கி இறந்துவிடும்.

பறவை உணவுக் கூட்டை மரத்திலோ பல்கனிக் கம்பியிலோ கட்டாமல், தனிக் கம்பமொன்றில், சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். கம்பத்தின் நடுவே தகரக் கூம்பு ஒன்றைக் கவிழ்த்துப் பொருத்தினால் ஏற முடியாது. எமது ஆட்கள் சிலர் மிளகாய்த்தூள் தூவுவதாகவும் கேள்விப்பட்டோம். பறவைகளுக்கு மிளகாயின் உறைப்புத் தெரியாது, அணிலுக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்துத் தூளைக் காற்றில் தூவினால் அது அணிலின் கண்ணுக்கு மட்டுமல்ல, முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் கண்ணுக்கும் போகும். வேண்டாம். அணிலுக்குப் பரிதாபப்பட்டு மிக்சரும் உப்புக் கச்சானும் போடுவதும் வேண்டாம்.

கூரைச் சத்தம் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியது. அணில் மின்கம்பியைக் கடித்துவிடலாம் என்பதால் அதை அப்படியே விடவும் முடியாது. ஆனால் சத்தம் கேட்ட மறுநாளே ஓட்டையை அடைத்துவிட்டால், உள்ளே குட்டிகள் இருந்தால் அவை செத்து நாறும். தாய் வெளியே நின்று கூரையைப் பிய்க்கும். இங்கே அணில் வசந்தகாலத்தில் குட்டி போடும், சில வருடங்களில் கோடையில் இன்னொரு தடவையும் போடும். குட்டிகள் தாமாக வெளியேற இரண்டு மாதத்துக்கு மேலாகும். எனவே புரட்டாதி, ஐப்பசி மாதங்களே ஓட்டை அடைக்க ஏற்ற காலம். அதற்குமுன் கசக்கிய பத்திரிகைத் தாளை ஓட்டையில் தளர்வாகச் செருகிப் பாருங்கள். பல நாட்களாகியும் அது அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. பிறகு தடித்த கம்பிவலையோ தகரமோ கொண்டு அடைக்கலாம். நுரை மருந்தை மட்டும் அடித்தால் அணில் ஒரு காலைப்பொழுதில் கடித்துத் திறந்துவிடும். கூரைக்கு நெருக்கமாக வளர்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள். பொரெட்ஸ்லாக் வீடாயின் கூரை உங்களுடையதல்ல. ஏணி வைத்து ஏறாமல் நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இனி நோய்கள் பற்றி. ஊரில் அணிலோ நாயோ கடித்தால் எமக்கு முதலில் வரும் பயம் விசர்நோய். நோர்வேயின் பெருநிலப்பரப்பில் விலங்குகளிடையே விசர்நோய் இல்லை. வடதுருவத்து ஸ்வால்பார்டில் மட்டும் நரி, கலைமான்களில் கண்டிருக்கிறார்கள். ஆகவே அணில் கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்து, வீங்கினால் வைத்தியரிடம் போங்கள். வைத்தியர் இல்லாத நேரத்தில் லேகவக்தின் இலக்கம் 116117. ஊருக்கு விடுமுறையில் போய் அங்கே கடிபட்டால் கதை வேறு, அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

உண்மையில் அணிலைவிட அதிகம் யோசிக்கவேண்டியது பறவை உணவுத் தட்டைப் பற்றி. பனிக்கால முடிவில் சிறு பறவைகளிடையே சல்மொனெல்லா கிருமி பரவுவதுண்டு. தட்டிலும் கீழே பனியிலும் எச்சம் விழும். அதில் விளையாடிய பிள்ளை கையை வாயில் வைத்தால் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரலாம். 1996இல் மொஸ் நகரின் யெலோய் தீவிலும் 2000ஆம் ஆண்டில் பேர்கன் பகுதியிலும் மனிதரிடையே பரவிய சல்மொனெல்லா, முள்ளெலிகளோடு தொடர்புபட்டது என்று கண்டறிந்தார்கள். கண்ணுக்கு இனிய பிராணி என்பதால் கையைக் கழுவாமல் விடலாகாது. தட்டுக்குப் பதிலாகக் குழாய்வடிவக் கூடு வைத்தால் பறவை தன் எச்சத்திலேயே நின்று தின்னாது.

கீழே சிந்தும் விதைக்கு இரவில் வருவது யார்? எலி. ஹவுகன்ஸ்டுவா, ரொம்மன், ஸ்தொவ்னர் என்று எமது மக்கள் செறிந்து வாழும் மாடிக் குடியிருப்புகளில் இதில் எமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அமாவாசைக்கும் திவசத்துக்கும் புரட்டாதிச் சனிக்கும் காகத்துக்குச் சோறு வைப்பது எமது வழக்கம். அதை விடச்சொல்லி நாம் எழுதவில்லை. இங்கத்தைக் காகம் சாம்பல் உடம்புடன் வந்தாலும் கரைந்து அழைத்தால் வரத்தான் செய்கிறது. ஆனால் பல்கனியிலிருந்து புல்லில் கொட்டிய சோறும் கறியும் இரவு முழுவதும் கிடந்தால் அது எலிக்கு வைத்த விருந்து. பல பொரெட்ஸ்லாக்குகளின் விதிகளில் பல்கனியில் பறவைக்கு உணவு போடுவதே தடை. முதலில் விதியைப் பாருங்கள். அனுமதி உள்ள இடத்தில் ஒரு கைப்பிடிச் சோற்றைத் தட்டில் வைத்து, பகலில் அரைமணி நேரம் நின்று, மிச்சத்தை உள்ளே எடுத்துவிடுங்கள். உணவுக் கழிவுப் பச்சைப் பைக்கு இரட்டை முடிச்சுப் போடுங்கள். பையைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். டுக்னாட் நாளில் சுவரோரத்துப் பற்றைகளையும் அடித்தள ஓட்டைகளையும் பார்க்கச் சொல்லி வக்மெஸ்தரிடம் கேளுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளியே போதும்.

எலிக்கு நஞ்சு வைப்பது மட்டும் வேண்டாம். பெரிய எலிகளுக்கு நஞ்சு வைக்க இங்கே தனியாருக்கு அனுமதி இல்லை. பயிற்சியும் அங்கீகாரமும் பெற்றவர்களே வைக்கலாம். இந்த நஞ்சுகள் பெரும்பாலும் இரத்தம் உறையாமல் செய்பவை. தின்ற எலி பல நாட்கள் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். தள்ளாடும் எலியை ஆந்தையோ நரியோ பூனையோ தின்றால் நஞ்சு அதற்கும் போகிறது. நோர்வேயில் இறந்துகிடந்த பொன்கழுகுகளையும் பெரிய ஆந்தைகளையும் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், பாதிக்கு மேற்பட்டவற்றின் ஈரலில் எலிநஞ்சு காணப்பட்டது. ஒட்டும் பசைப் பலகையும் கொடுமையானது. எலி மணிக்கணக்காகத் துடிக்கும், சிறு பறவையும் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் சுண்டெலி வந்தால் நல்ல வில்லுப்பொறி ஒன்றே போதும். உடனே கொல்லும், நஞ்சு இல்லை.

சில வருடங்களுக்கு முன் எமக்குத் தெரிந்த குடும்பமொன்று, ஊரிலிருந்து பயணப்பெட்டியில் கொண்டுவந்த எலிப்பாஷாணத்தைச் சமையலறை அலுமாரியின் கீழ் வைத்திருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை அதை எடுத்து வாயில் வைத்துவிட்டது. பொட்டலத்தில் எழுதியிருந்த நஞ்சின் பெயர் அழிந்துபோயிருந்தபடியால் வைத்தியர்களுக்கு என்னவென்று கண்டுபிடிப்பதே சிரமமாயிற்று. பிள்ளை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வகை நஞ்சு இரண்டு மூன்று நாள் கழித்தே வேலை காட்டலாம் என்பதால் திரும்பத் திரும்ப இரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிள்ளை தப்பிவிட்டது. அந்த மூன்று நாட்களும் தாய் ஒரு வாய் சாப்பிடவில்லை. இப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நஞ்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற இலக்கத்தில் அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பதில் சொல்வார்கள். பிள்ளை மயங்கினாலோ மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ 113.

எம்மிடம் கேள்வி கேட்ட குடும்பத்தினர் பொறி வாங்கவில்லை. உணவுக் கூட்டைக் கம்பத்துக்கு மாற்றினார்கள். கூரை ஓட்டையைப் பற்றி நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டார்கள். ஐப்பசியில் தச்சர் வந்து தகரம் அடித்தார். இலண்டன் மாமா கோடை விடுமுறைக்கு வந்தபோது அணில் சிவப்பாகிவிட்டிருந்தது. "இது வேற அணில்" என்று அவர் இன்னமும் சொல்கிறாராம்.