ஐநூறு ரூபாய் சம்பள உயர்வும் ஈ.எஸ்.ஐ. அட்டையும்

திண்டுக்கல் பக்கத்து நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் ஒரு தம்பி, மார்ச் மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஏப்ரல்ல இருந்து ஐநூறு ரூபா ஏத்தித் தர்றேங்குறாங்க. வேணாம்னு சொல்லிரலாமா?" சிரிச்சுட்டேன். கணக்குப் போட்டதும் சிரிப்பு நின்னுபோச்சு.

அவர் சம்பளம் 20,800. ஈ.எஸ்.ஐ. உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000. ஐநூறு ஏறினால் அவர் வெளியே. (ஓவர்டைம் பணம் இந்த வரம்புக் கணக்கில் வராது, அந்த பயம் வேண்டாம்.) அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது மாதம் 156 ரூபாய். அதுவும் மிச்சம் என்று வைத்தால் வருடத்துக்குக் கூடுதலாகக் கையில் வருவது 7,872 ரூபாய்.

போவது? மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் அம்மா எல்லாருக்கும் வைத்தியம்; நோயில் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். அம்மாவுக்கு சர்க்கரை. தனியார் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே என்பீர்கள். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். இவருக்கு 2,55,600. ஏழையும் இல்லை, வசதியும் இல்லை. வரிச் சலுகை? 80டி பிரிவு பழைய வரி முறையில்தான் உண்டு, அதுவும் வரி கட்டுபவருக்கு. இந்தச் சம்பளத்துக்கு வரியே இல்லை, எதில் கழிப்பது? பிரீமியத்துக்கு உதவி பதினைந்து லட்சக்காரருக்குக் கிடைக்கும், இவருக்குக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது மட்டும் இவருக்கும் பொது.

ஆனால் தேதியில் ஒரு வழி இருக்கு. ஈ.எஸ்.ஐ. பங்களிப்புக் காலம் இரண்டு: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால், அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், உயர்ந்த சம்பளத்துக்கே. அந்தப் பங்களிப்புக்கான பலன் காலம் மூன்று மாதம் தள்ளித் தொடங்கி ஆறு மாதம் ஓடும். ஏப்ரல் 1-இல் ஏற்றினால் மார்ச்சோடு பிடித்தம் முடிந்து, வைத்தியம் டிசம்பர் வரை. மே மாதம் ஏற்றினால் செப்டம்பர் வரை பிடித்தம், வைத்தியம் அடுத்த ஜூன் வரை (காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்கணும்). ஒரு மாதம் தள்ளினால் ஆறு மாத வைத்தியம்.

ஐநூறை அவர் வேண்டாம்னு சொல்லலை. மே மாதத்திலிருந்து போடுங்க என்று கேட்டிருக்கார். அதற்குள் மில்லில் குரூப் பாலிசி எடுத்துத் தருவாங்களா, அதில் அம்மாவைச் சேர்ப்பாங்களா என்றும் விசாரிக்கிறார்.